நீர்க்கடுப்பு

குளச்சல்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்

பிரியமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் ஜஸீனா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுத முடியவில்லை என்பதால்தான் பேப்பரை எடுத்தேன். நீங்கள் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அனுப்புகிற செய்தியைத் திறப்பதும் இல்லை. கடைசியாகப் பேசிய அன்று, "எனக்க உம்மாவப் பட்டினி போட்டுக் கொல்லதுக்கா ஒன்னக் கெட்டிக் கொண்டுவந்தேன்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். சிஜோ அண்ணன் லீவு முடிந்து திங்கட்கிழமை தம்மாமுக்கு ப்ளைட் ஏறுகிறார். ஒரே கேம்பில் ஒரே அறையில் இருக்கிறவர் கையில் கொடுத்தால் வாங்காமல் இருக்க மாட்டீர்கள் என்று நினைத்து இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமி உங்களிடம் சொன்னது பொய்தான். ஆனால் மாமி பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நான் சோறு தருவதில்லை, தந்தாலும் கறியில் எதையோ கலக்கிறேன், அவரைச் சாகடிக்கப் பார்க்கிறேன் என்று அவர் முழு மனதோடு நம்புகிறார். தட்டை வைத்தால் முதல் உருண்டையைப் பிடித்து முற்றத்துப் பூனைக்குப் போடுகிறார். பூனை தின்றுவிட்டு நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகுதான் சோற்றில் கை வைக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை மக்களே என்றல்லாமல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாதவர் அவர். உங்களுக்கே தெரியும்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. பெருநாள் கழிந்ததிலிருந்தே மாமிக்குச் சர்க்கரையோடு உடம்பில் வேறு ஏதோ சரியில்லை. குளியலறைக்குள் போனால் வெளியே வர வெகு நேரமாகிறது. வரும்போது முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டு வருகிறார். என்ன மாமி என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மக்களே, சூடு" என்பார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். நான் வற்புறுத்திக் கேட்ட ஒரு நாள், "குடிச்சா போணும், போனா எரியும்" என்று மட்டும் சொன்னார். உடுத்த துணியை யாரும் எழும்புவதற்கு முன்னால் அவரே அலசிப் பின்பக்கம் கொண்டுபோய்க் காயப் போடுகிறார். நான் வாங்கப் போனால் கோபம் வருகிறது. அந்தத் துணியின் வாடை சாதாரண வாடை இல்லை.

மாமா மார்க்கெட் பக்கத்து மருந்துக் கடையில் போய், நீர்க்கடுப்புக்கு என்று கேட்டு மாத்திரை வாங்கி வருகிறார். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. மாமா என்றைக்கும் வாங்கும் அதே மாத்திரைதான். அதைப் போட்டால் எரிச்சல் அடங்கும். அடங்கினதும் மாமி மிச்சத்தை எடுத்து வைத்துவிடுவார். "சும்மா மருந்து தின்னா கிட்னி கெட்டுப்போவும்" என்பார். சில நாள் கழித்துத் திரும்பவும் எரியும். இது இன்றைக்கு நேற்றைக்கு நடப்பதல்ல. இந்த முறை அந்த மாத்திரை போட்டும் எரிச்சல் முழுதாக அடங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது. முதலில் சாயாவில் உப்புப் போட்டார். மத்தியானம் லுஹர் தொழுததை மறந்து திரும்பவும் தொழ முஸல்லாவை விரித்தார். எல்லோருக்கும் வருகிற மறதிதான் என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு ஹனாவைப் பார்த்து, இது யாருக்க பிள்ளை என்று கேட்டார். குழந்தை சிரித்துக்கொண்டே, "வாப்பும்மா வெளையாடுகா" என்றாள். நான் சிரிக்கவில்லை.

போன வாரம் நடந்ததை நீங்கள் வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஹனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. மாமி இல்லை. தலையில் துணி இல்லாமல் முற்றம் தாண்டாதவர், அப்படியே இறங்கி, துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் போய் நின்றிருக்கிறார். முடி அவிழ்ந்து கிடந்திருக்கிறது. காலில் செருப்பில்லை. கரையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும், "எனக்க அசனார் காக்காக்க வள்ளம் வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். மாமியின் அண்ணன் அசனார் மாமா கடலில் போய்த் திரும்பாமல் போனது நீங்கள் பிறப்பதற்கு முன்னால் அல்லவா. சாளை மீன் வாங்க வந்த பெண் ஒருத்தி தன் முந்தானையை எடுத்து மாமி தலையில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது மாமி அத்தனை பேர் முன்னாலும் கையை உதறினார். "இவதான் என்ன வீட்ட விட்டு எறக்கி விட்டா. வெசம் வச்சுக் கொல்லப் பாக்குகா. எனக்க மோன் வந்தா சொல்லுவேன்" என்றார்.

அன்றிலிருந்து தெருவில் நான் நடந்தால் பேச்சு நின்றுபோகிறது.

பக்கத்து வீட்டார் சொல்லி மாமா பள்ளிவாசல் ஆலிமைக் கூட்டி வந்து ஓத வைத்தார். அவர் ஓதி முடித்துவிட்டு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்கா, நான் ஓதினது ஓதினதுதான். ஆனா எனக்க உம்மாவும் சுகர் கூடி இப்படித்தான் பேசினா. நீங்க டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொன்னார். மாமா தலையை ஆட்டினார். அவர் போனதும், வயதானால் இப்படித்தான், மகனைப் பார்க்காத ஏக்கம்தான் இது, அவன் வந்து நின்றால் தெளிந்துவிடும் என்றார். நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்வதை இப்போது அவரும் ஒரு சந்தேகத்தோடுதான் கேட்கிறார். மாமி அழுதால் அவர் கண் என் கையைத்தான் பார்க்கிறது.

தேங்காப்பட்டணத்திலிருந்து என் வாப்பா வந்தார். கேள்விப்பட்டதும் வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "இந்தப் பேச்சுக் கேட்டுட்டு நீ இங்க நிக்கண்டாம். பிள்ளையக் கூட்டிட்டு எறங்கு" என்றார். நான் இறங்கவில்லை. நான் இறங்கிவிட்டால் மாமிக்கு என்ன செய்கிறது என்று கவனிக்க இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என்னை நம்புங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டு, உம்மாவை நாகர்கோவிலில் நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மூத்திரத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உம்மாவிடம் மகன் கேட்கிற விஷயமில்லை இது என்று எனக்குத் தெரியும். உங்கள் வாப்பாவிடம் சொல்லலாம். நீங்கள் சொன்னால் அவர் மறு வார்த்தை பேச மாட்டார்.

சிஜோ அண்ணனிடம் நேந்திரங்காய் வறுத்தது கொடுத்திருக்கிறேன். ஹனா தன் பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தையும் வைக்கச் சொன்னாள். உங்களை அல்லாஹ் தன் காவலில் வைத்துக்கொள்வானாக.

உங்கள்
ஜஸீனா

*

நாகர்கோவில்
ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து

பிரியமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எழுதிப் போட்டோ எடுத்து சிஜோ அண்ணன் போனுக்கு அனுப்புகிறேன். அவர் காட்டுவார். மாமா உங்களிடம் தினமும் பேசுகிறார், எனக்குத் தெரியும். ஆனால் உம்மாவுக்குக் காய்ச்சல், ஊசி போடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொல்கிறார். பேசி முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

என் முதல் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ, அதற்குள்ளேயே முற்றிவிட்டது. சாயங்காலம் அஸர் நேரத்தில் மாமி கட்டிலில் கிடந்தபடியே நடுங்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. பல் அடித்துக்கொள்கிற சத்தம் அடுக்களை வரை கேட்டது. தொட்டால் உடம்பு கொதித்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று கை கால் சில்லிட்டுப் போனது. அப்போது எனக்கு முன்னைவிடப் பயமாக இருந்தது. மாமா உடனே போய் வண்டி கொண்டு வந்தார்.

வழியெல்லாம் மாமி தலை என் மடியில் இருந்தது. மணக்குடிப் பாலத்தில் வள்ளம் ஏறணும், மெல்லப் போ என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வண்டி அந்தப் பக்கம் போகவே இல்லை.

இங்கே வந்ததும் ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக் கிடந்தது. சர்க்கரை ஏறி நின்றது. டாக்டர் நந்தனா என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும், குலசேகரத்துக்காரர். மூத்திரப் பையில் இருந்த கிருமி கிட்னிக்கு ஏறி, அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். நான் மாமியின் பேச்சைப் பற்றிச் சொன்னேன். விஷம், பூனை, துறைமுகம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலுக்கும் முந்திப் புத்திதான் தடுமாறும், இல்லாதது தெரியும், கூட இருப்பவர்மேலேயே சந்தேகம் வரும், அது நோய் பேசுகிற பேச்சு, அவர் பேசுவதல்ல என்றார். மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "மக்களே, நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட கேள்வி அது.

முதலில் போட்ட ஊசியில் காய்ச்சல் இறங்கவில்லை. வேறு மாற்றினார்கள். அதிலும் இறங்கவில்லை. எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று பார்க்க மூத்திரத்தையும் ரத்தத்தையும் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்களாம். கல்ச்சர் என்கிறார்கள். அதன் முடிவு வர நாளாகும். அது வரைக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். மாமி இது வரைக்கும் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். மாமா வீட்டுக்குப் போய் மாமியின் பால்பவுடர் டின்னை எடுத்து வந்தார். அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்திருப்பாரே, அதுதான். டாக்டர் அதை மேசைமேல் கவிழ்த்தார். மார்க்கெட் கடை மாத்திரைகள், பாதி பிய்த்த அட்டைகள். அதோடு அரபி எழுத்துப் போட்ட அட்டைகளும் இருந்தன.

மச்சான், இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன். மாமா உங்களிடம் இதைச் சொல்லவே மாட்டார். ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். கேம்ப் கிளினிக்கில் உங்களுக்கும் கூட்டாளிகளுக்கும் கொடுத்ததில் மிச்சம் வந்த கேப்சூல்களை, ஊருக்கு வருகிறவர்களிடம் சென்ட் குப்பியோடும் சோப்போடும் கொடுத்துவிடுவீர்களே, அவைதான். மாமி அவற்றை வெறும் மருந்தாக நினைக்கவில்லை. கடை மாத்திரைக்கு அடங்காத அன்றைக்கு மட்டும் ஒன்றை எடுத்து, பிஸ்மி சொல்லிப் போட்டுக்கொள்வார். டாக்டர் கேட்டபோது மாமா, "நல்ல மருந்துன்னுதானே பய குடுத்துவிட்டான்" என்று சொன்னார்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை நோய் நாள்பட்டால் மூத்திரப் பையின் உணர்ச்சி மரத்துப்போகும், பை முழுதாகக் காலியாகாது, தேங்கி நிற்கிற நீரில் கிருமி பெருகும். ஒன்றிரண்டு மாத்திரையோடு நிறுத்தினால் எளிதில் சாகிற கிருமி செத்துவிடும், மருந்தைத் தாங்கத் தெரிந்தது மட்டும் மிஞ்சும். அதற்கு இன்னொரு மருந்தை அரைகுறையாகக் காட்டினால் அதையும் தாங்கப் பழகிக்கொள்ளும். இப்போது மாமி உடம்பில் இருப்பது அப்படி எல்லாவற்றையும் பார்த்துப் பழகின கிருமி. பெரிய பெரிய ஊசிகள்கூட அதற்குக் கேட்கவில்லை. மிஞ்சி இருக்கிற ஒரே ஊசியை இன்றைக்கு ஆரம்பிக்கிறோம். அந்த ஊசி கிட்னியைக் கெடுக்கக் கூடியது. மாமியின் கிட்னி முன்பே பலவீனம். போடாவிட்டால் கிருமி விடாது, போட்டால் கிட்னி தாங்குமா என்று தெரியாது. இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். மாமா பேனாவை என்னிடம் தந்தார். நான் போட்டேன். என் கையெழுத்தின்மேல் மாமா தன் கையை வைத்துக்கொண்டார்.

அந்தக் கிருமி ஒருவர் கையிலிருந்து மற்றவருக்கும் போகுமாம். அதனால் மாமியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவச் சொல்கிறார்கள். ஜாஸ்பின் என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். கையுறை போடாமல் உள்ளே விட மாட்டார். குழந்தை இருக்கிற வீடு என்று கேட்டதும் இன்னும் கண்டிப்பாகிவிட்டார். என் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ஹனா தேங்காப்பட்டணத்தில் என் உம்மாவிடம் இருக்கிறாள். அவளை நான் வீடியோவில்தான் பார்க்கிறேன்.

மாமிக்கு அடுத்த கட்டிலில் ஆரல்வாய்மொழிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கும் சர்க்கரைதான், அவருக்கும் இதே கிருமிதான் என்று அவர் மகள் சொன்னாள். எங்கே எப்படி ஒட்டியது என்றே தெரியவில்லையாம். நாங்கள் இருவரும் வராந்தாவில் ஒரே பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். இன்று காலையில் நான் உள்ளே போனபோது அந்தக் கட்டிலில் புதிதாக விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை வராந்தாவிலும் காணவில்லை. நாங்கள் கஞ்சி குடித்த பாயை நான் சுருட்டி வைத்தேன்.

மாமி கண்ணை மூடிக் கிடக்கிறார். நேற்று மட்டும் ஒரு முறை உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். உங்கள் பெயர்தான். துஆ செய்யுங்கள். லீவு கேட்டுப் பாருங்கள்.

உங்கள்
ஜஸீனா

*

குளச்சல்
வீட்டிலிருந்து

பிரியமுள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், மாமியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். நீங்கள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக சிஜோ அண்ணன் சொன்னார். என் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் சாப்பிடாமல் மொட்டை மாடியில் போய் இருந்ததையும் சொன்னார். அதை அவர் என்னிடம் சொன்னது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார். ஆனாலும் எழுதிவிட்டேன். நீங்கள் என்னிடம் பேசாமல் இருப்பது கோபத்தில் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்தக் கடைசி ஊசி கேட்டது. காய்ச்சல் இறங்கியது. ஒரு மத்தியானம் மாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மக்களே, ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்று கேட்டார். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மாமா ஆஸ்பத்திரி என்று பார்க்காமல் வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தார்.

ஆனால் கிட்னி அடி வாங்கிவிட்டது. காலில் நீர் கோத்திருக்கிறது. டயாலிஸிஸ் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் அதை நோக்கித்தான் போகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் புறப்படும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கிருமி முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், குடலில் எங்காவது தங்கி இருக்கும், தண்ணீரும் சர்க்கரையும் கவனியுங்கள், மறுபடி காய்ச்சலோ எரிச்சலோ பேச்சில் மாற்றமோ வந்தால் பரிசோதிக்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம், உடனே வாருங்கள் என்றார். வந்தால் என்ன மருந்து இருக்கிறது டாக்டர் என்று கேட்டேன். "வாங்க, பாப்போம்" என்றார்.

மாமிக்கு நடந்தது ஒன்றும் நினைவில்லை. பூனைக்குச் சோறு போட்டது, துறைமுகத்துக்குப் போனது, உங்களிடம் போனில் சொன்னது எதுவும் இல்லை. பார்க்க வருகிற பெண்கள் மாமியிடம் சுகம் விசாரித்துவிட்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் கொண்டு வைக்கிற சாயாவை ஒருத்தி தொடாமலே வைத்துவிட்டுப் போனாள். அவள் போனதும் மாமி, "ஏன் மக்களே, இவியெல்லாம் ஒன்ன ஒரு மாதிரி பாக்குகா? நீ யார்ட்டயாவது சண்டை போட்டியா?" என்று கேட்டார். இல்லை மாமி என்றேன். தான் சொன்னதைத்தான் ஊர் இப்போது பேசுகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். மாமாவும் சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் மாமா இப்போது பள்ளிவாசலில் இருந்து வந்ததும், தெருவில் ஆள் நடக்கிற நேரமாகப் பார்த்து, வாசலில் நின்றுகொண்டு, "ஜஸீனா, நீ குடுத்தாத்தான் நான் சாப்பிடுவேன், எடுத்து வை" என்று உரக்கச் சொல்கிறார். அவரால் ஆனது அது.

மாமி ஒரு நாள் என் கையைத் தடவிக்கொண்டே, ஷஹீர் உன்னிடம் தினமும் பேசுகிறானா என்று கேட்டார். ஆமாம் மாமி, ராத்திரி பேசுவார் என்றேன். "அவன் சின்னதிலயே கோவக்காரன். கோவம் போனா வெக்கப்பட்டுட்டு ஒளிஞ்சிருப்பான். நாமதான் போய்த் தேடிக் கூட்டிட்டு வரணும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இவ்வளவையும் நல்ல செய்தியாகவே முடிக்கத்தான் நேற்று எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இன்று எழுதுவது வேறு.

நேற்றிலிருந்து மாமி தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுகிறார். இன்று விடியற்காலை சுபுஹுக்குப் பிறகு நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முன்பு போல முறைக்கவில்லை. ரொம்பவும் மரியாதையாகக் கேட்டார், "நீங்க யாரு வீட்டுப் பிள்ள? ஒங்க உம்மா தேட மாட்டாளா?" என்று. நான் பெயரைச் சொன்னேன். "நல்ல பேரு" என்றார்.

உடம்பு சுடவில்லை. எரிகிறதா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார். அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை. மாமா மூத்திரத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அவர் போன பிறகு நான் டாக்டரிடம் போனில் பேசினேன். மாமியைக் கூட்டிக்கொண்டு இன்றே வந்துவிடுங்கள் என்றார். மாமா அங்கேயே இருந்து கட்டில் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வார். நான் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, வண்டி வருகிற வரைக்கும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமி பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. விரலால் விரிப்பில் எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

மச்சான், லீவு கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கேட்டு, கெஞ்சி, யாரையாவது பிடித்து, எப்படியாவது புறப்படுங்கள். பயப்படுத்த எழுதவில்லை. பயப்படாமல் இருக்கவும் எழுத முடியவில்லை.

சிஜோ அண்ணன் இதைக் காட்டினதும் என்னிடம் பேச வேண்டும் என்று நினைத்துச் சங்கடப்பட வேண்டாம். உம்மாவைக் கூப்பிடுங்கள். நீ யாரு என்று அவர் கேட்டால் மனம் உடைந்து வைத்துவிடாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் வாப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் பேசாமல் இருந்தாலும் நீங்கள் நிறுத்த வேண்டாம். குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். அவர் கையில் இப்போது பலமில்லை. போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் இருப்பேன்.

அல்லாஹ் உங்கள் வழியை லேசாக்கி, நேரத்தோடு கொண்டு வந்து சேர்க்கட்டும். ஆமீன்.

உங்கள்
ஜஸீனா